இரண்டு சத்தியங்களுக்கு நடுவே: நைட் கதைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

பழைய பிரிட்டனின் கதை மன்னர் ஆர்தரின் மனைவி, அரசி கினிவியரைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். அவளைத் தேடிப் புறப்பட்ட காதலன், ஆர்தரின் வீரன் லான்சலட்டின் குதிரை ஓடி ஓடியே செத்துவிட்டது. கவசத்தோடு நடந்து வருகிறவன் முன்னால் ஒரு வண்டி. திருடனையும் கொலைகாரனையும் ஏற்றித் தெருத்தெருவாகக் காட்டி இழிவுபடுத்தும் வண்டி அது. ஒருமுறை அதில் ஏறியவனை அதன்பின் எந்தச் சபையும் மதிக்காது. வண்டியோட்டும் குள்ளன், ஏறிக்கொண்டால் அரசி என்ன ஆனாள் என்று நாளைக்குள் தெரிந்துவிடும் என்கிறான். இரண்டு அடி எடுத்துவைக்கும் நேரம் லான்சலட் தயங்குகிறான். பிறகு ஏறிவிடுகிறான்.

வழியெல்லாம் ஏச்சு. கூரிய வாளையே பாலமாகப் போட்டிருக்கும் ஆற்றை வெறுங்கையும் வெறுங்காலுமாகக் கடக்கிறான். கடத்தியவனோடு போரிடுகிறான். கடைசியில் அரசியிடம் போய் நின்றால், அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் பிற்பாடுதான் தெரிகிறது: அந்த இரண்டு அடி அவன் ஏன் தயங்கினான்?

பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் த த்ருவா 1180-ஐ ஒட்டி எழுதிய காட்சி இது. நைட் கதைகள் ஏன் இன்னும் அலுக்கவில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. வண்டியில் ஏறினால் மானம் போகும். ஏறாவிட்டால் காதல் பொய்யாகும். இரண்டையும் உயிராக மதிப்பவன் அவன். மனதார ஏற்றுக்கொண்ட இரண்டு கடமைகள் ஒன்றோடொன்று மோதும் இடத்துக்கு ஒரு நல்ல மனிதனைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் இந்தக் கதைகளின் வேலை. வாள்சண்டை, ட்ராகன், மந்திரக் கோட்டை எல்லாம் அவனை அந்த இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழிகள்தான்.

நைட் என்பவர் யார்?

கதைக்குள் போகுமுன் உண்மையான நைட்டைப் பார்த்துவிடலாம். 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் வட பிரான்சிலும் இங்கிலாந்திலும் நைட் என்றால் முதலில் ஒரு தொழில்முறைக் குதிரைப்படை வீரர். போர்க்குதிரை, பயணக் குதிரை, இரும்பு வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசம், ஈட்டி, வாள், கேடயம், உடன்வர ஓர் உதவியாள் என எல்லாவற்றுக்கும் பெரும் பணம் வேண்டும். அதனால் நிலம் உள்ளவரோ, நிலம் உள்ள பிரபுவின் ஆதரவைப் பெற்றவரோதான் நைட்டாக முடிந்தது. அந்த ஆதரவுக்குப் பதிலாகப் பிரபுவுக்குப் போர்ச்சேவை செய்வதாக வாக்குக் கொடுப்பார். காலப்போக்கில் தொழில் அந்தஸ்தாகி, அந்தஸ்து பரம்பரை உரிமையாகியது.

பயிற்சி சிறுவயதில் தொடங்கும். ஏழு வயது வாக்கில் பையனை வேறொரு பிரபுவின் வீட்டுக்கு ஏவல் வேலைக்கு அனுப்புவார்கள். பதினான்கை ஒட்டி ஸ்கொயர் ஆவான். ஒரு நைட்டின் கவசத்தைத் துடைப்பது, குதிரையைப் பராமரிப்பது, சாப்பாட்டு மேசையில் இறைச்சியை முறைப்படி வெட்டிப் பரிமாறுவது எல்லாம் அவன் பொறுப்பு. இருபதை ஒட்டி, தகுதியும் பணமும் இருந்தால், பட்டம். வளர்ந்த வடிவில் அந்தச் சடங்கு நீராடலில் தொடங்கி, இரவு முழுக்கத் தேவாலயத்தில் கண்விழித்து, காலையில் இடையில் வாள் கட்டப்பெற்று, கழுத்திலோ தோளிலோ ஒரு தட்டு வாங்கி முடியும். எல்லோருக்கும் இது இவ்வளவு விரிவாக நடக்கவில்லை. போர்க்களத்தில் நின்ற நிலையிலேயே பட்டம் வாங்கியவர்களும் உண்டு.

கவசத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் சினிமா வழியாகப் பரவியிருக்கிறது: நைட் கீழே விழுந்தால் எழ முடியாது, குதிரைமேல் ஏற்றக் கப்பி வேண்டும் என்பார்கள். சங்கிலிக் கவசம் சுமார் 10 முதல் 15 கிலோ. 15-ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் சுமார் 20 முதல் 25 கிலோ. அந்த எடையும் உடல் முழுவதும் பகிர்ந்து நிற்கும். பயிற்சி உள்ளவர் அதோடு ஓடலாம், தானே குதிரை ஏறலாம். விளையாட்டு ஈட்டிப் போட்டிக்கென்று தனியாகச் செய்த கவசங்கள் இதைவிடக் கனம். குழப்பத்துக்கு அவையும் ஒரு காரணம். ஒருகை வாளும் சுமார் ஒன்றேகால் கிலோதான்.

பணத்தில் தொடங்கிய கண்ணியம்

நைட்டுகளின் ஒழுக்கநெறியை ஷிவல்ரி என்கிறோம். பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிடுவது என்ற இன்றைய பொருளோடு இதைப் படிக்க வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் ஒரு வேர் மிகவும் நடைமுறையானது. தோற்ற எதிரியைக் கொன்றால் கிடைப்பது பிணம். உயிரோடு பிடித்தால் மீட்புப்பணம் கிடைக்கும். சரணடைந்தவனைக் கொல்லக்கூடாது, பணம் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவனை நம்பி விடலாம், அவனும் வாக்குத் தவறக்கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் அந்த ஏற்பாடு ஒருநாள்கூட நடக்காது.

ஆங்கில நைட் வில்லியம் மார்ஷல் (சுமார் 1146–1219) இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சொத்தில்லாத இளைய மகன். அவர் காலத்து டூர்னமென்ட் என்பது இரண்டு பேர் ஈட்டியோடு மோதும் அழகான காட்சி கிடையாது. ஊர்களுக்கு நடுவே, வயல்வெளியில், இரண்டு பெரும் அணிகள் நாள் முழுக்க மோதிக்கொள்ளும். எதிரணி வீரரைப் பிடித்தால் அவருடைய குதிரையும் பணமும் பிடித்தவருக்கு. இப்படி 500 நைட்டுகளைப் பிடித்ததாக மார்ஷல் மரணப்படுக்கையில் சொன்னதாக அவர் வரலாற்றைப் பாடும் பழைய பிரெஞ்சுக் கவிதை சொல்கிறது. அதே கவிதையில் இன்னொரு காட்சி: ப்ளேர் என்ற ஊரில் போட்டி முடிந்து பரிசைக் கொடுக்க அவரைத் தேடுகிறார்கள். அவர் கொல்லன் பட்டறையில், பட்டறைக்கல்லின்மேல் தலையைச் சாய்த்துக் கிடக்கிறார். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழலவில்லை; கொல்லன் சுத்தியலும் குறடும் கொண்டு அதைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். அதே மனிதர்தான் பின்னாளில் சிறுவன் மூன்றாம் ஹென்றிக்காக இங்கிலாந்தையே ஆண்டார்.

இரண்டாவது வேர் திருச்சபை. ஆயுதம் ஏந்தியவர்கள் ஏழைகளையும் குருமாரையும் கொள்ளையடிப்பதைத் தடுக்க 989-இல் ஷாரூ என்ற இடத்தில் கூடிய ஆயர்கள் சாபத் தண்டனை விதித்தார்கள். டூர்னமென்ட்டுகளை 1130-இல் தடை செய்தார்கள். யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. 1316-இல் தடையை நீக்கிவிட்டார்கள். மூன்றாவது வேர் அரண்மனை. ஷாம்பேன் சீமாட்டி மரியின் அவை போன்ற இடங்களில், போர்வீரனுக்குப் பேசவும் பாடவும் பெண்ணின் மனமறிந்து நடக்கவும் தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்தது. லான்சலட்டின் வண்டிக் கதையை எழுதச் சொன்னதே மரிதான் என்று கிரெத்தியன் முன்னுரையில் சொல்கிறார்.

போர்க்களத்தில் பிரபுவுக்கு விசுவாசம், கோயிலில் கடவுளுக்குப் பணிவு, அரண்மனையில் காதலிக்கு அடிமை: மூன்று எஜமானர்களின் கட்டளைகளையும் ஒரே ஆள் சுமக்கிறார். அவை ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. கதைக்காரர்களுக்கு வற்றாத சுரங்கமாக அமைந்தது அந்த முரண்பாடுதான்.

இதில் ஒரு கசப்பான உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தக் கண்ணியம் நைட்டுகள் தங்களுக்குள் காட்டிக்கொண்டது. உழவருக்கு அதில் பங்கில்லை. 1355-இல் இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் போர்தோவிலிருந்து நர்போன் வரை படை நடத்திப் போனபோது வழியிலிருந்த ஊர்களை எரித்துக்கொண்டே போனார். எதிரி அரசனின் வருவாயை அழிக்கும் போர்முறை அது; செய்தவர்கள் ஷிவல்ரியில் புகழ்பெற்றவர்கள். அதே இளவரசர் மறு ஆண்டு புவாத்தியே போரில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ழானைச் சிறைபிடித்து, விருந்தினரைப் போல் நடத்தினார். மன்னரின் விலை 30 லட்சம் எக்கூ என்ற தங்க நாணயங்கள். பணயக் கைதிகளை நிறுத்திவிட்டு மன்னர் நாடு திரும்பினார். அவர்களில் ஒருவரான அவருடைய மகனே தப்பியோடியபோது, ழான் 1364-இல் தானாகவே லண்டன் சிறைக்குத் திரும்பிப் போனார். சில மாதங்களில் அங்கேயே இறந்தார். அதில் அரசியல் கணக்குகளும் இருந்திருக்கலாம். ஆனாலும் ஓர் அரசன் வாக்குக்காகச் சிறைக்குத் திரும்புவது நடக்கக்கூடிய காரியமாக இருந்தது. கதைகள் மனிதர்களை எவ்வளவு தூரம் வளைத்தன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆர்தர் கதை யாருடையது?

யாருடையதும் இல்லை. அது நீண்டகாலம் வாழ இதுவும் ஒரு காரணம். சுமார் 830-இல் வேல்ஸ் பகுதியில் எழுதப்பட்ட லத்தீன் நூல் ஒன்றில் ஆர்தர் பன்னிரண்டு போர்களில் வென்ற படைத்தலைவர். பேடன் மலையில் ஒரே பாய்ச்சலில் 960 பேரைக் கொன்றார் என்கிறது அது. வட்ட மேசை, லான்சலட், ஆர்தரின் அரண்மனை நகரான கேமலாட் எதுவும் அங்கே இல்லை. 1138-ஐ ஒட்டி மன்மத் ஊர் ஜெஃப்ரி அவரை ஐரோப்பாவையே நடுங்கவைக்கும் மன்னராக்கினார். 1155-இல் வாஸ் என்ற கவிஞர் வட்ட மேசையைச் சேர்த்தார்: யார் முதன்மை இடத்தில் உட்காருவது என்று வீரர்கள் சண்டை போடாமலிருக்க. லான்சலட்டின் காதலும் கேமலாட்டும் கிரேலும் கிரெத்தியனிடம்தான் முதலில் தோன்றுகின்றன. அவரிடம் கிரேல் விலையுயர்ந்த ஒரு பரிமாறும் பாத்திரம். இயேசுவின் கடைசி இராவுணவுக் கிண்ணமாக அதை மாற்றியவர் 1200-ஐ ஒட்டி எழுதிய ரொபேர் த பொரோன். கடைசியில் சர் தாமஸ் மாலரி சிறையில் இருந்தபடியே ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் தொகுத்து 1470-ஐ ஒட்டி முடித்தார். 1485-இல் காக்ஸ்டன் அதை அச்சிட்டார்.

ஆகவே அசல் கதை எது என்று தேடுவதில் பயனில்லை. ஒவ்வொருவரும் முந்தையவர் விட்ட இடைவெளியில் புகுந்து எழுதியிருக்கிறார்கள்.

வரலாற்றுச் சான்றைத் தேடுவோர் தடுக்கி விழும் இடம் வின்செஸ்டர். அங்குள்ள மாளிகைச் சுவரில் 5.5 மீட்டர் விட்டமுள்ள ஓக் மரத்து வட்ட மேசை தொங்குகிறது. 24 நைட்டுகளின் பெயர்களும் ஆர்தரின் உருவமும் அதில் உண்டு. மர வளையங்களை ஆராய்ந்ததில் அது 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று தெரிந்தது, அதாவது முதலாம் எட்வர்டின் காலம். ஓவியம் எட்டாம் ஹென்றி தீட்டச் சொன்னது. ஆர்தர் வாழ்ந்ததற்கு அது சான்றாகாது. ஆனால் கதையைக் கேட்டு ஓர் அரசர் தச்சர்களைக் கூப்பிட்டு மேசை செய்யச் சொன்னார் என்பதற்குச் சான்று. 1348-ஐ ஒட்டி மூன்றாம் எட்வர்ட் தொடங்கிய கார்ட்டர் வீரர் குழு இன்றும் இருக்கிறது; அதுவும் இந்தக் கனவின் பிள்ளைதான்.

ஒரு சத்தியம் எப்படிப் பிறக்கிறது

மாலரியின் வட்ட மேசை வீரர்கள் ஒவ்வோர் ஆண்டும் பெந்தெகொஸ்தே திருநாளில் ஒரு சத்தியம் செய்கிறார்கள். அட்டூழியமும் கொலையும் செய்யமாட்டோம், துரோகத்தை ஒதுக்குவோம், இரக்கம் கேட்டவனுக்கு இரக்கம் காட்டுவோம், பெண்களுக்குத் துணைநிற்போம், அவர்களைப் பலவந்தப்படுத்தினால் மரண தண்டனை, பொன்னுக்கும் பொருளுக்கும் ஆசைப்பட்டு நியாயமற்ற சண்டையில் இறங்கமாட்டோம்.

தனியாகப் படித்தால் பள்ளிக்கூட உறுதிமொழி போல இருக்கும். சற்று முன்னால் நடந்தவற்றோடு படிக்க வேண்டும். முதல் பயணத்தில் தோற்ற எதிரி இரக்கம் கேட்கிறான். ஆர்தரின் மருமகன் கவெய்ன் மறுத்து வாளை ஓங்குகிறான். அந்த எதிரியின் காதலி குறுக்கே விழ, வெட்டு அவள்மேல் இறங்கித் தலை துண்டாகிறது. இன்னொரு பயணத்தில் அடிபட்ட காதலனை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு பெண் உதவிக்குக் கூப்பிடுகிறாள். தன் வேலையில் அவசரமாக இருந்த பெல்லினோர் என்ற வட்ட மேசை வீரர் நிற்காமல் போய்விடுகிறார். திரும்பி வரும்போது அவள் உடலைச் சிங்கங்கள் தின்றுவிட்டிருக்கின்றன. அவள் தன் சொந்த மகள் என்பது அதன்பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. இந்தப் பயணங்கள் முடிந்ததும்தான் ஆர்தர் சத்தியத்தை வகுக்கிறார். இரக்கம் பற்றிய வரிக்குப் பின்னால் ஒரு பிணம், பெண்களுக்குத் துணைநிற்பது பற்றிய வரிக்குப் பின்னால் இன்னொரு பிணம்.

பச்சை வீரன்

ஒரே ஒரு கதையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர் தெரியாத ஆங்கிலக் கவிஞர் எழுதிய கவெய்ன் கதையைப் படிக்கலாம். 2,530 அடிகள், பிழைத்திருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி.

புத்தாண்டு விருந்தில் தோலும் முடியும் குதிரையும் பச்சையான ஒரு பெரிய வீரன் ஆர்தர் அவைக்குள் நுழைகிறான். ஒரு கையில் ஹாலி என்ற மரத்தின் கிளை, மறுகையில் கோடரி. கோடரியால் தன்னை ஒரு வெட்டு வெட்டலாம், ஓர் ஆண்டும் ஒரு நாளும் கழித்து அதே வெட்டைத் திரும்ப வாங்க வேண்டும் என்கிறான். கவெய்ன் வெட்டுகிறான். தலை உருள்கிறது. உடல் போய் முடியைப் பிடித்துத் தலையைத் தூக்குகிறது; தலை, பச்சைத் தேவாலயத்துக்கு வந்துசேர் என்று சொல்லிவிட்டுப் போகிறது.

கெடு நெருங்கும்போது கவெய்ன் தேடிக் கிளம்புகிறான். கேடயத்தில் தங்க ஐந்துமுனை நட்சத்திரம். எங்கு தொட்டாலும் முடிவில்லாமல் பின்னிய கோடு. தாராள மனம், தோழமை, தூய்மை, நாகரிகம், இரக்கம் ஆகிய ஐந்து குணங்களும் அதன் பொருள்களில் அடக்கம். ஒன்று அறுந்தால் எல்லாம் அறும் என்பது அந்த வடிவத்திலேயே இருக்கிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு கோட்டையில் தங்குகிறான். கோட்டைத் தலைவன் மூன்று நாள் விளையாட்டு ஒன்றைச் சொல்கிறான்: காட்டில் தனக்குக் கிடைப்பதைக் கவெய்னுக்குத் தருவான், கோட்டையில் கிடைப்பதைக் கவெய்ன் தனக்குத் தர வேண்டும். தலைவன் வேட்டைக்குப் போனதும் அவன் மனைவி கவெய்னின் படுக்கையருகே வந்து உட்காருகிறாள்.

சிக்கலைப் பாருங்கள். அவள் மனம் புண்படும்படி விரட்டினால் நாகரிகம் போச்சு. இணங்கினால் தூய்மையும் சோறுபோட்டவனுக்கான விசுவாசமும் போச்சு. மூன்று காலைகளிலும் இனிமையாகப் பேசியே தப்பிக்கிறான். முதல் நாள் ஒரு முத்தம், அடுத்து இரண்டு, பிறகு மூன்று. எல்லாவற்றையும் மாலையில் தலைவனுக்கே நாணயமாகத் திருப்பிக் கொடுக்கிறான். ஆனால் மூன்றாம் நாள் அவள் ஒரு பச்சை இடைக்கச்சை நீட்டுகிறாள்: கட்டியிருப்பவரை யாரும் கொல்ல முடியாது. மறுநாள் கழுத்தை நீட்டப் போகிறவன் அதை வாங்கி மறைத்துக்கொள்கிறான்.

பச்சைத் தேவாலயத்தில் கோடரி மூன்று முறை ஓங்கப்படுகிறது. முதல் முறை கவெய்ன் தோளைச் சுருக்குகிறான். இரண்டாவது வெறும் பாவனை. மூன்றாவது கழுத்தில் ஒரு கீறல் மட்டும். வெட்டிய பச்சை வீரன் அந்தக் கோட்டைத் தலைவனேதான். அந்தக் கீறல், கவெய்ன் மறைத்துவைத்த கச்சைக்காக. நீ கொஞ்சம் தவறினாய், உயிர்மேல் உள்ள ஆசையால்தானே, அதனால் உன்னை அதிகம் குறைசொல்ல மாட்டேன் என்கிறான். கவெய்ன் மனம் ஆறவில்லை. கச்சையை அவமானச் சின்னமாக அணிந்து வீடு திரும்புகிறான். அவையோர் கதையைக் கேட்டுச் சிரித்து, தாங்களும் ஆளுக்கொரு பச்சைப் பட்டை கட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் புரிந்துகொண்டு சிரித்தார்களா, புரியாமல் சிரித்தார்களா? கவிஞர் சொல்லவில்லை. அறுநூறு ஆண்டுக்குமேல் கடந்தும் வாசகர்கள் அதைப் பற்றி விவாதிக்கிறார்கள்.

கிரெத்தியனின் பெர்சிவல் இதற்கு நேர் எதிர்த்திசையில் இடறுகிறான். அதிகம் பேசாதே என்று ஆசான் சொல்லிக்கொடுத்த விதியை அப்படியே கடைப்பிடித்து, கிரேல் யாருக்காக எடுத்துப் போகப்படுகிறது என்று கேட்காமல் இருந்துவிடுகிறான். கேட்டிருந்தால் காயம்பட்ட மன்னர் குணமடைந்திருப்பார். கவெய்ன் விதியை மீறித் தவறினான். இவன் விதியைக் காத்துத் தவறினான்.

மாலரியின் முடிவோ இன்னும் கொடியது. தன்னோடு கொண்ட காதலுக்காகத் தீயிலிட நிறுத்திய கினிவியரை மீட்க லான்சலட் கூட்டத்துக்குள் பாய்கிறான். ஆயுதம் ஏந்த மறுத்து வெறுங்கையோடு நின்ற கேரத்தை, யாரென்று பார்க்காமலே வெட்டிவிடுகிறான். கேரத்துக்கு நைட் பட்டம் கொடுத்தவனே லான்சலட்தான். தம்பியின் சாவுக்குப் பழிவாங்கக் கவெய்ன் சத்தியம் செய்கிறான், வட்ட மேசை இரண்டாகப் பிளக்கிறது. இதில் வில்லனைத் தேடினால் ஆர்தரின் அரியணையைப் பறிக்க முயன்ற மோர்ட்ரெட் கிடைப்பான். ஆனால் அவனுக்கு வழிவிட்டது நல்லவர்கள் காத்த வாக்குகள்.

பிற்காலங்களும் இந்தக் கதைகளைத் தத்தம் தேவைக்கு எடுத்துக்கொண்டன. தொழிற்சாலைப் புகை சூழ்ந்த 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து அதில் இழந்த பொற்காலத்தைத் தேடியது. 1839-இல் ஸ்காட்லாந்தின் எக்லிண்டனில் உண்மையான டூர்னமென்ட் ஒன்றையே நடத்திப் பார்த்தார்கள், மழை கெடுத்துவிட்டது. பேடன் பவல் 1908-இல் சாரணர் இயக்கத்துக்காக எழுதிய கையேட்டில் நைட்டுகளின் நெறிக்குத் தனி அத்தியாயம் கொடுத்தார். நம் பள்ளிகளில் சாரணர்கள் சொல்லும் உறுதிமொழிக்கும் நாள்தோறும் ஒரு நற்செயலுக்கும் பின்னால் அந்தக் கையேடு இருக்கிறது.

எங்கிருந்து படிப்பது

பலரும் மாலரியை முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, ரோமாபுரிப் படையெடுப்பு வரும் ஐந்தாம் புத்தகத்தில் நிறுத்திவிடுகிறார்கள். காக்ஸ்டன் பதிப்பில் மொத்தம் 21 புத்தகங்கள். 8 முதல் 12 வரை ட்ரிஸ்ட்ரமின் நீண்ட கதை. தொடக்க வாசகர் முதலில் கவெய்ன் கதையை இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கலாம். ஓய்வான ஒரு மாலை போதும். பிறகு கிரெத்தியனின் இவெய்ன், சிங்கத்தோடு திரியும் வீரனின் கதை. ஓராண்டில் திரும்புவேன் என்று மனைவியிடம் சொன்னதை மறந்துவிடுகிறவன் அவன். அடுத்து வண்டிக் கதை, பெர்சிவல். அதற்குப் பின் மாலரியில் சத்தியம் வரும் மூன்றாம் புத்தகத்தைப் படித்துவிட்டு நேராக 18-க்குத் தாவி, 21 வரை போகலாம். நடுவில் உள்ளவை காத்திருக்கும்.

மாலரிக்கு இரண்டு மூலங்கள் உண்டு: காக்ஸ்டனின் அச்சுப் பதிப்பு, 1934-இல் வின்செஸ்டர் கல்லூரியில் கண்டெடுத்த கையெழுத்துப் பிரதி. வாங்கும்போது முன்னுரையில் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன எண்கள் காக்ஸ்டன் பதிப்புக்கே பொருந்தும். எழுத்துக்கூட்டலை நவீனமாக்கி, சொற்களை மாற்றாமல் விட்ட பதிப்பாக இருந்தால் நல்லது. மாலரியின் வாக்கியங்கள் குட்டையானவை, நேரடியானவை. சுருக்கி மறுபடி எழுதிய பதிப்புகள் முதலில் வெட்டுவது அந்தத் தயக்கங்களையும் மௌனங்களையும்தான்.